டாக்டர் வெளியூர் போயிருக்கிறார்

ரெண்டு மாசமா ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியலை. இன்னிக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ கையில எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

நான் பொறந்து வளர்ந்தது திருவொற்றியூர் காலடிப்பேட்டை. எங்க தெரு முனையில ஒரு கிளினிக் இருந்தது. பத்துக்குப் பன்னிரண்டு ரூம், நடுவுல பச்சைத் துணி ஸ்கிரீன், வெளியில ரெண்டு மர பெஞ்சு. வருஷம் பூரா திறந்திருக்கும். தீபாவளி அன்னிக்குக்கூட சாயங்காலம் ஒரு மணி நேரம் டாக்டர் வந்து உக்காருவார், பட்டாசுல கையைச் சுட்டுக்கிட்டு வர்ற பசங்களுக்காக. அப்பேர்ப்பட்ட கிளினிக் வருஷத்துக்கு மூணு நாள் மட்டும் பூட்டியிருக்கும். கதவுல ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கும்: 'டாக்டர் வெளியூர் போயிருக்கிறார். திங்கள் முதல் வழக்கம்போல்.'

எங்கே போறார்? சின்ன வயசுல எனக்கு இது பெரிய மர்மம். ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ ஜாலியாப் போறார்னு நினைச்சுக்கிட்டேன். ஒரு நாள் கம்பவுண்டர் அண்ணன்கிட்ட கேட்டேன். "மாநாடு தம்பி" என்றார். மாநாடுன்னா எனக்குத் தெரிஞ்சது கட்சி மாநாடுதான். எங்க டாக்டர் எந்தக் கட்சின்னு ரொம்ப நாள் குழம்பினேன் :-)

திங்கட்கிழமை அவர் திரும்பி வரும்போது தோளில் புதுசா ஒரு துணிப்பை தொங்கும். மருந்து கம்பெனி பேர் போட்ட பேனா ஒண்ணு எனக்குக் கிடைக்கும். அந்தப் பேனாவுலதான் நாலாங்கிளாஸ் முழு ஆண்டுத் தேர்வு எழுதினேன்.

போன வருஷம் டாக்டர் காலமாயிட்டார். கிளினிக் இருந்த இடத்துல இப்போ மொபைல் ரீசார்ஜ் கடை. துக்கம் விசாரிக்கப் போனப்போதான் அந்த மூணு நாள் மர்மம் மறுபடி ஞாபகம் வந்துச்சு. அதைத் தோண்டப் போய், ராயபுரம், வேலூர், லண்டன்னு எங்கெங்கேயோ போயிட்டேன். தோண்டினதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

*

கதை ஆரம்பிக்கிற இடம் எங்க வீட்டுல இருந்து சில கிலோமீட்டர்தான். ஸ்டான்லி ஆஸ்பத்திரி. எங்க பாட்டி கடைசி வரைக்கும் அந்தப் பேரைச் சொன்னதே இல்லை, 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி'ன்னுதான் சொல்லும். காரணம் இருக்கு. 1782 பஞ்சத்துல ஜனங்களுக்குக் கஞ்சி ஊத்த ஆரம்பிச்ச மணியக்காரர் சத்திரத்துல இருந்து வளர்ந்த இடம் அது. வெள்ளைக்காரன் வாயில மணியக்காரர் 'மோனிகர்' ஆயிட்டார்.

சென்னையில 1835ல ஆரம்பிச்ச மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் பெரிய வீட்டுப் பிள்ளை மாதிரி. ராயபுரத்துல இருந்தது காலேஜ் இல்லை, ஸ்கூல். அங்கே படிச்சவங்களுக்கு டிகிரி கிடையாது. 1911ல எழும்பின பள்ளிக் கட்டடம் எல்.எம்.பி. படிப்புக்காகத்தான். லைசென்ஷியேட்ன்னு சொல்வாங்க. டிகிரிக்காரங்களை விடப் படிப்பு காலம் குறைவு, செலவும் குறைவு. பழைய கருப்பு வெள்ளைப் படங்கள்ல கறுப்புப் பையோட வீட்டுக்கு வர்ற டாக்டர் பேருக்குப் பின்னாடி 'எல்.எம்.பி.'ன்னு போர்டு தொங்குமே, அவங்கதான்.

இன்னிக்கு நாம 'ஃபேமிலி டாக்டர்'னு சொல்ற ஆளை அன்னிக்குத் தயாரிச்ச பட்டறை இதுதான். ஜில்லா போர்டு டிஸ்பென்சரி, ரயில்வே காலனி, எஸ்டேட், சின்ன டவுன் எல்லாத்துலயும் வேலை பார்த்தவங்கள்ல பெரும்பாலானவங்க இவங்கதான். 1946ல வந்த போர் கமிட்டி அறிக்கை (யுத்தம் இல்லீங்க, தலைவர் பேரு சர் ஜோசப் போர்) கணக்கு கொடுக்குது: நாட்டுல பதிவு பண்ணின டாக்டர்கள் சுமார் 47,500 பேர். அதுல ஏறக்குறைய 30,000 பேர் லைசென்ஷியேட். அதாவது மூணுல ரெண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. டிகிரி வாங்கினவங்க மிச்சம்தான்.

ஆனா மரியாதை? 1933ல இந்திய மெடிக்கல் கவுன்சில் சட்டம் வந்தப்போ, அந்தக் கவுன்சிலோட வரம்புக்குள்ள டிகிரிக்காரங்க மட்டும்தான். நாட்டுல பாதிக்கும் மேல வைத்தியம் பார்த்த ஆளுங்க வெளியே! இதுக்காக லைசென்ஷியேட்கள் தங்களுக்குன்னு அகில இந்தியச் சங்கம் வச்சு, வருஷா வருஷம் மாநாடு கூட்டி, தீர்மானம் போட்டுக்கிட்டே இருந்தாங்க. எங்களையும் பதிவேட்டுல சேரு, மேல படிக்க வழி விடு. சுருக்கமாச் சொன்னா கோரிக்கை இவ்வளவுதான்.

சட்டத்துல அதுக்குப் பதில் கிடைக்க 1956 ஆச்சு. அந்த வருஷச் சட்டம்தான் அவங்களுக்குக் கவுன்சில்ல இடம் கொடுத்தது. ஆனா அதுக்குள்ள அவங்களைத் தயாரிச்ச பட்டறையையே மூடிட்டாங்க.

சென்னை மாகாணத்துல அது சீக்கிரமே நடந்துச்சு. ராயபுரம் ஸ்கூல்ல 1933ல அஞ்சு வருஷ டிப்ளமா வந்தது. கவர்னர் ஸ்டான்லி பேரும் அப்போ வச்சதுதான். 1938ல அது காலேஜ் ஆச்சு. அதே சமயத்துலதான் மாகாண அரசு, எல்.எம்.பி. இனி கிடையாது, நடத்துறதுன்னா பல்கலைக்கழக டிகிரி நடத்துன்னு சொல்லிடுச்சு. வேலூர்ல 1918ல இருந்து பெண்களுக்கு எல்.எம்.பி. சொல்லிக் கொடுத்துக்கிட்டு இருந்த ஐடா ஸ்கடர் அம்மா, அந்த வயசான காலத்துல காலேஜ் ஆக்கறதுக்குப் பணம் திரட்ட அமெரிக்கா போக வேண்டியதாச்சு. அந்தக் கதை தனிப் பதிவுக்கு ஆகும்.

நாடு முழுக்க இதை முடிச்சு வச்சது போர் கமிட்டி. நாட்டுக்கு ஒரே தரத்துல 'அடிப்படை டாக்டர்' போதும், ரெண்டாந்தர டாக்டர் வேண்டாம்னு சொன்னாங்க. கமிட்டிக்குள்ளேயே சிலர் ஒத்துக்கலை. ஏறக்குறைய 6,300 பேருக்கு ஒரு டாக்டர் இருக்கிற நாட்டுல இருக்கிற பள்ளிக்கூடத்தையும் மூடலாமான்னு அவங்க கேட்டாங்க. எடுபடலை.

நியாயமாப் பார்த்தா கமிட்டி சொன்னது தப்பில்லைன்னு தான் எனக்குத் தோணுது. ஏழைக்கு மட்டும் பாதி டாக்டர் போதும்னு சொல்றது அசிங்கம். ஆனா ஒரு விஷயத்தை யாரும் யோசிக்கலை. ஸ்கூலை மூடினீங்க, சரி. தெருமுனையில ஒத்தையா உக்காந்து, குழந்தை காய்ச்சல்ல இருந்து பாட்டி மூட்டுவலி வரைக்கும் பார்க்கிற வேலையை இனிமே யார் சொல்லிக் கொடுப்பாங்க? எம்.பி.பி.எஸ். படிப்பு நடக்கிறது பெரிய ஆஸ்பத்திரியில. வாத்தியார் எல்லாரும் ஸ்பெஷலிஸ்ட். மாணவன் பார்க்கிறது வார்டுல படுத்திருக்கிற நோயாளியை. ஆனா தெருவுல வர்றது படுக்காத நோயாளி. 'ரெண்டு நாளா ஒரு மாதிரியா இருக்கு சார்'னு சொல்றவர். அந்த 'ஒரு மாதிரி'க்குப் புஸ்தகத்துல அத்தியாயம் கிடையாது.

*

இது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. இங்கிலாந்துல 1950ல காலிங்ஸ்ங்கிற ஆஸ்திரேலிய டாக்டர், ஊர் ஊரா ஜெனரல் பிராக்டிஸ் கிளினிக்குகளைப் போய்ப் பார்த்து 'லான்செட்' பத்திரிகையில ஒரு அறிக்கை எழுதினார். கிழி கிழின்னு கிழிச்சிருந்தார். அந்தச் சூடு ஆறறதுக்குள்ள, 1952 நவம்பர்ல, ஜான் ஹன்ட், ஃப்ரேசர் ரோஸ்னு ரெண்டு பேர் முன்ன நின்னு பொது மருத்துவர்களுக்குன்னு ஒரு காலேஜ் ஆரம்பிச்சாங்க. ஏற்கெனவே இருந்த பெரிய காலேஜ்காரங்க (பிசிஷியன், சர்ஜன், பிரசவ டாக்டர்கள்) இதுக்கு எதிர்ப்பு. எங்க நிழல்ல ஒரு ஓரமா இருங்கன்னு சொன்னாங்க. இவங்க கேட்கலை, சத்தமில்லாம சங்கத்தைப் பதிவு பண்ணிட்டாங்க.

அமெரிக்காவுல இன்னும் சுவாரசியம். 1947ல அங்கே பொது மருத்துவர்கள் சங்கம் ஆரம்பிச்சப்போ ஒரு விதி வச்சாங்க: உறுப்பினரா நீடிக்கணும்னா மூணு வருஷத்துல 150 மணி நேரம் படிச்சுக் காட்டணும். அரசாங்கம் சொல்லலை, தாங்களே தங்களுக்குப் போட்டுக்கிட்ட விலங்கு! 1969ல அங்கே குடும்ப மருத்துவம் தனி ஸ்பெஷாலிட்டியாவே ஆயிடுச்சு.

இந்தியாவுல? 1928ல கல்கத்தாவுல உருவான இந்திய மருத்துவச் சங்கம் (ஐ.எம்.ஏ.), 1963ல தனக்குள்ள ஒரு பொது மருத்துவர் காலேஜ் தொடங்குச்சு. காலேஜ்னா கட்டடம், ஹாஸ்டல், கேன்டீன்னு நினைச்சுக்காதீங்க. கிளினிக் நடத்துற டாக்டர்களே சேர்ந்து தங்களுக்குப் பாடம் எடுத்துக்கற அமைப்பு. மாநிலத்துக்கு ஒரு 'ஃபேகல்டி', ஊருக்கு ஒரு 'சப்-ஃபேகல்டி', தலைமையில ஒரு டீன். எங்க டாக்டர் போர்டுல எம்.பி.பி.எஸ்.க்குப் பக்கத்துல 'எஃப்.சி.ஜி.பி.'ன்னு நாலு எழுத்து இருக்கும். ஏதோ லண்டன் பட்டம்னு எங்க அப்பா தெருவெல்லாம் பீத்திக்குவார். லண்டன் இல்லை அப்பா, இதுதான் அது!

டாக்டர் வீட்டம்மா எடுத்துக் காட்டின பழைய ஃபைல்ல அந்த மூணு நாளோட நிகழ்ச்சி நிரல்கள் கொஞ்சம் இருந்துச்சு. கொடியேத்தம், குத்துவிளக்கு, போன வருஷ வரவு செலவு, பொறுப்பாளர் தேர்தல், மறைஞ்ச உறுப்பினர்களுக்கு ரெண்டு நிமிஷ மௌனம், பட்டமளிப்பு, ஒரு நினைவுச் சொற்பொழிவு, குடும்பத்தோட வந்தவங்களுக்கு சாயங்காலம் கலை நிகழ்ச்சி. நம்ம அப்பார்ட்மென்ட் அசோசியேஷன் ஆண்டுக்கூட்டம் மாதிரிதான். சண்டையும் இருந்திருக்கும்னு நினைக்கிறேன்.

ஆனா இது எல்லாத்துக்கும் நடுவுல, காலை ஒன்பதுல இருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் பாடம். சர்க்கரை நோயாளிக்குக் கால்ல புண்ணு, எப்போ நாமே பார்க்கலாம், எப்போ அனுப்பணும். குழந்தைக்கு வலிப்பு வந்தா முதல் அஞ்சு நிமிஷம். டிகிரி வாங்கி இருபது வருஷம் ஆன ஆளுங்க பெஞ்சுல உக்காந்து நோட்ஸ் எடுத்திருக்காங்க. மார்ஜின்ல எங்க டாக்டரோட கோழிக் கிறுக்கல். ஒரு இடத்துல 'நாம தப்பா செஞ்சுக்கிட்டு இருக்கோம்'னு எழுதி ரெண்டு கோடு போட்டிருந்தார்.

*

இந்த மூணு நாளால என்ன ஆயிடப் போகுதுன்னு கேக்கறீங்களா? அவர் 1970களோட தொடக்கத்துல ஸ்டான்லியில படிச்சு முடிச்சவர். அதுக்கப்புறம் என்னென்ன வந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. பேதிக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் உலகம் பூரா பரவினது 1970களோட கடைசியில. இந்தியாவுல எச்.ஐ.வி. முதல்ல கண்டுபிடிச்சது 1986ல, அதுவும் இதே சென்னையில, டாக்டர் சுனிதி சாலமன் குழு. காசநோய்க்கு புது தேசியத் திட்டம் 1997ல. தனியார் டாக்டரும் காசநோயாளி விவரத்தை அரசுக்குக் கட்டாயம் சொல்லணும்னு உத்தரவு 2012ல. இது எதுவுமே அவர் படிச்ச புஸ்தகத்துல கிடையாது. பெரிய ஆஸ்பத்திரியில இருக்கிறவருக்குப் பக்கத்து ரூம்ல கேட்டுக்க ஆள் உண்டு. தெருமுனை டாக்டருக்கு யாரு? மருந்து கம்பெனி ரெப் மட்டும்தான்.

அம்மாகிட்ட இதைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தப்போ அது ஒரு விஷயம் சொல்லுச்சு. அப்போ நான் பொறக்கலை, எங்க அண்ணன் கைக்குழந்தை.

"அப்பல்லாம் கண்ணாடி ஊசிதான்டா. ஒரு டப்பாவுல தண்ணி ஊத்தி ஸ்டவ்வுல கொதிக்க வச்சிருப்பாரு கம்பவுண்டர். காலைல கொதிக்க வச்சா அதுலயே வரிசையா எல்லாருக்கும் போயிக்கிட்டிருக்கும். ஒரு வருஷம் டாக்டர் வெளியூர் போயிட்டு வந்தாரு. வந்த அன்னிக்கே அந்த டப்பாவைத் தூக்கி வெளிய வச்சிட்டாரு. இனிமே ஆளுக்கு ஒரு புது ஊசி, ரெண்டு ரூபா கூட ஆகும், இஷ்டம்னா போட்டுக்கங்கன்னுட்டாரு. தெருவுல எல்லாரும் திட்டினாங்க. காசு புடுங்கறாருன்னு நானும்தான் திட்டினேன்."

அம்மா இதைச் சொல்லிட்டுக் கொஞ்ச நேரம் பேசாம இருந்துச்சு. நானும்தான். காசிமேடு மீன்பிடி துறைமுகமும், லாரி வரிசையும், கன்டெய்னர் யார்டும் இருக்கிற ஏரியா இது. அந்த டப்பா இன்னும் பத்து வருஷம் அங்கேயே கொதிச்சுக்கிட்டு இருந்திருந்தா? எங்க தெருவுல எத்தனை பேர் இன்னிக்கு இருந்திருப்போம்னு தெரியாது. யாரும் அதுக்காக அவருக்கு மாலை போடலை. வராத நோய்க்கு யார் மாலை போடுவாங்க?

*

வடசென்னைக்காரங்க டாக்டர்களுக்கு மரியாதை செய்யத் தெரியாதவங்க இல்லை. பழைய வண்ணாரப்பேட்டை டாக்டர் ஜெயச்சந்திரன் 2018 டிசம்பர்ல இறந்தப்போ ஜனம் திரண்டு வந்துச்சு. வியாசர்பாடி டாக்டர் திருவேங்கடம் வீரராகவன் ஸ்டான்லியில படிச்சவர், 1973ல ரெண்டு ரூபாய்க்கு ஆரம்பிச்சவர், 2020 ஆகஸ்ட் 15ல போய்ச் சேர்ந்தார். ரெண்டு பேருமே 'அஞ்சு ரூபா டாக்டர்'. 2017ல 'மெர்சல்' படம் வந்தப்போ விஜய் கேரக்டரைப் பார்த்துட்டு எங்க ஏரியா பசங்க, "இது நம்ம ஆளுய்யா"ன்னு விசில் அடிச்சாங்க.

ஆனா எனக்கு ஒரு சின்ன உறுத்தல். நாம எப்பவும் கொண்டாடுறது அந்த அஞ்சு ரூபாயைத்தான். அவங்க மனசைக் கொண்டாடுறோம், சரி. அம்பது வருஷம் தெருவுல உக்காந்து சேர்த்த அறிவை யாரும் பேசறதில்லை. கைராசின்னு ஒரே வார்த்தையில முடிச்சுடுறோம். கைராசி பாதி, அந்த மூணு நாள் மாதிரி படிச்ச நாட்கள் மீதின்னு இப்போதான் எனக்குப் புரியுது.

சங்கத்து மேல குறை இல்லாம இல்லை. அந்தப் பை, பேனா, மதியச் சாப்பாடு எல்லாத்துக்கும் பின்னாடி மருந்து கம்பெனி ஸ்டால் இருந்துச்சு. சாப்பாடு போடுறவன் சும்மா போடுவானா? 2009 டிசம்பர்ல மெடிக்கல் கவுன்சில், டாக்டருங்க கம்பெனிகிட்ட பரிசு, பயணச் செலவு வாங்கக் கூடாதுன்னு விதி கொண்டுவந்தது. அதுக்கப்புறம் எனக்குப் பேனா வரலை. சட்டம் வேலை செஞ்சதுன்னு வச்சுக்குவோம் :-) இன்னொரு குறை, நம்ம ஊர்ல படிக்கச் சொல்ற அளவு. 2002 விதிகள் சொல்றது அஞ்சு வருஷத்துக்கு 30 மணி நேரம். அமெரிக்கச் சங்கம் 1947லேயே வச்சது மூணு வருஷத்துக்கு 150. கணக்கு நீங்களே போட்டுக்கங்க.

*

இங்கிலாந்து காலேஜோட முதல் தலைவர் பேர் வில்லியம் பிக்கிள்ஸ். யார்க்‌ஷயர் பக்கத்துல ஒரு மலைக்கிராமத்து டாக்டர். 1929ல அவர் ஏரியாவுல மஞ்சள் காமாலை பரவிச்சு. ஒரு பொண்ணு காலையில படுக்கையில கிடக்கிறதைப் பார்த்துட்டு வந்தார். மத்தியானம் ஊர்த் திருவிழாவுல பார்த்தா, அதே பொண்ணு எழுந்து வந்து சுத்திக்கிட்டு இருக்கு! மனுஷன் கோபப்படாம தேதியைக் குறிச்சுக்கிட்டார். அந்தத் திருவிழாவுல அவளோட பழகினவங்களுக்கு எத்தனாவது நாள் காமாலை வருதுன்னு எண்ணினார். அந்த நோய் உடம்புக்குள்ள எத்தனை நாள் ஒளிஞ்சிருக்கும்னு கண்டுபிடிச்சார். லேப் கிடையாது, மெஷின் கிடையாது. ஒரு நோட்டுப் புத்தகம், ஊர்ல எல்லாரையும் தெரிஞ்ச ஒரு டாக்டர். அவ்வளவுதான்.

அந்த ஒருத்தர் செஞ்சதைச் சங்கமாச் சேர்ந்து செஞ்சாங்க. 1955-56ல நூறுக்கும் மேற்பட்ட கிளினிக்குகள் ஒரு வருஷம் முழுக்க வந்தவங்க எல்லாரையும் ஒரே முறையில குறிச்சு வச்சாங்க. 1968ல 1,400 டாக்டர்கள் சேர்ந்து 46,000 பெண்களைப் பின்தொடர்ந்து, கருத்தடை மாத்திரையால உடம்புக்கு என்ன ஆகுதுன்னு பல பத்தாண்டுகள் ஆராய்ஞ்சாங்க. வருஷக் கூட்டம் பாடம் கேக்க மட்டும் இல்லை, ஆளாளுக்குத் தெரிஞ்சதை ஒண்ணாக் கூட்டிப் பார்க்கவும்தான்.

இதைப் படிக்கும்போது எனக்கு எங்க ஊர்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970ல இருந்து 2017 வரைக்கும் ஓடிச்சு. 2017 ஜனவரியில கடல்ல ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கரையில படிஞ்சது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட மறுபடி எண்ணெய், அதே மாசம் 26ம் தேதி நடுராத்திரி பெரியகுப்பம் பக்கம் அமோனியா கசிவு. ஜனங்க குழந்தைகளைத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு ஓடினாங்க. ஒவ்வொரு தடவையும் டிவியில ஒருத்தர் வந்து, 'பாதிப்பு பெரிசா இல்லை'ன்னு சொல்வார். இன்னொருத்தர் 'பயங்கர பாதிப்பு'ன்னு சொல்வார். ரெண்டு பேர் கையிலும், இந்தத் தெருவுல போன வருஷம் எத்தனை பேருக்கு இளைப்பு, அதுக்கு முந்தின வருஷம் எத்தனைன்னு கணக்கு இருக்காது.

கணக்கு இருந்துச்சுங்க. எங்க டாக்டர்கிட்ட.

வருஷத்துக்கு ஒண்ணா நீளமான கணக்கு நோட்டு போடுவார். ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம். உள்ளே போனதும் கம்பவுண்டர் அண்ணன், "பக்கம் எவ்ளோ?"ன்னு கேப்பார். எங்களோடது 112. அந்தப் பக்கத்துல அப்பா பிரஷர், அம்மா சளி, என் அம்மை, பாட்டி மூட்டு எல்லாம் தேதியோட இருக்கும். பொட்டி தட்டுற எனக்கு இப்போ பார்த்தா அசந்து போகுது. ஆள் இல்லை, குடும்பம்தான் பிரைமரி கீ! போன மாசம் அப்பாவுக்கு நெஞ்சு எரிச்சல்னு ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். நாலு டிபார்ட்மென்ட், நாலு ஃபைல், நாலு பேரும் முதல்ல இருந்து அதே கேள்வி. 'உங்க அப்பாவோட அப்பாவுக்கு இதய நோய் இருந்துச்சா?' 112ம் பக்கத்துல இருந்துச்சு சார், அது இப்போ இல்லை.

*

காலம் கொஞ்சம் திரும்புற மாதிரியும் தெரியுது. 2010ல குடும்ப மருத்துவர்களுக்குன்னு தனியா ஒரு அகில இந்திய அகாடமி வந்துச்சு, 2012ல இருந்து அவங்க ஆய்வுப் பத்திரிகை வருது. அன்னிக்கு எல்.எம்.பி. ஸ்கூலா இருந்த வேலூர், 2006ல இருந்து கிளினிக் டாக்டர்களுக்குத் தொலைதூர வழியில குடும்ப மருத்துவ டிப்ளமா சொல்லிக் கொடுக்குது. கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில இதுக்கு எம்.டி. படிப்பே இருக்கு. ஆனாலும் நாட்டுல பெரும்பாலான மருத்துவக் கல்லூரியில குடும்ப மருத்துவத்துக்கு ஒரு துறைகூடக் கிடையாது. பிள்ளைங்க பார்க்காத வேலைக்கு எப்படி ஆசைப்படுவாங்க? எங்க டாக்டர் பையன் இதய நிபுணர். அவரைக் குத்தம் சொல்ல முடியுமா?

இன்னொரு வேடிக்கை. 2019ல வந்த தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்துல 32ம் பிரிவு, டாக்டர் இல்லாதவங்களுக்கும் எல்லைக்குட்பட்ட லைசென்ஸ் கொடுக்கலாம்னு சொல்லுது. ஐ.எம்.ஏ. தெருவுல இறங்கிப் போராடுச்சு. எண்பது வருஷத்துக்கு முன்ன ராயபுரத்துல மூடின கதவை வேற பேர்ல தட்டுறாங்க. அப்பவும் கேக்காத அதே கேள்வியை இப்பவும் யாரும் கேக்கலை: தெருமுனையில உக்காருறவருக்குப் பட்டம் என்னவா இருந்தாலும், அவருக்கு வருஷா வருஷம் யார் சொல்லிக் கொடுப்பாங்க?

அன்னிக்குக் கிளம்பும்போது டாக்டர் வீட்டம்மாகிட்ட தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அம்மா, அந்த நோட்டெல்லாம்...?"

"எந்த நோட்டுப்பா?"

"பக்கம் நம்பர் போட்டு எழுதுவாரே, நீளமா."

"அதுவா. கிளினிக்கைக் காலி பண்ணும்போது பழைய பேப்பர்காரன் வந்தான். நாப்பத்தி சொச்சம் நோட்டு. வச்சுக்க இடம் ஏதுப்பா? எடைக்குப் போட்டாச்சு. ஏன், உனக்கு எதுனா வேணுமா அதுல?"

இல்லைம்மா, சும்மாதான் கேட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். வேற என்ன சொல்ல முடியும்.

வரும்போது ஒண்ணு மட்டும் கேட்டு வாங்கிட்டு வந்தேன். மார்ஜின்ல கிறுக்கின அந்த நிகழ்ச்சி நிரல் ஃபைல். இப்போ என் மேசையில இருக்கு. ராத்திரி டெப்லாய்மென்ட் சொதப்பிட்டு வந்து உக்காரும்போதெல்லாம் அந்த ரெண்டு கோடு போட்ட வரியைப் பார்க்கிறேன். 'நாம தப்பா செஞ்சுக்கிட்டு இருக்கோம்.' இருபது வருஷ அனுபவத்துக்கு அப்புறம் இப்படி எழுத ஒரு தைரியம் வேணும் இல்லையா?

உங்க தெருவுல இன்னும் அப்படி ஒரு கிளினிக் திறந்திருந்தா, அடுத்த தடவை கதவுல வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கும்போது என்னை மாதிரி ஊட்டின்னு நினைச்சுக்காதீங்க. முடிஞ்சா திரும்பி வந்ததும் கேளுங்க, "சார், இந்த வருஷம் என்ன கத்துக்கிட்டு வந்தீங்க?"ன்னு. அப்படியே அந்த நோட்டுப் புத்தகம் பத்திரமா இருக்கான்னும் கேட்டு வைங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, வெறும் பொட்டி தட்டுறவன். வரலாறு தெரிஞ்சவங்க தப்பு இருந்தா பின்னூட்டத்துல கொட்டுங்க, வாங்கிக்கறேன். உங்க ஊர் எல்.எம்.பி. டாக்டர் கதை இருந்தா அதையும் எழுதுங்க. ஆட்டோவெல்லாம் அனுப்ப வேணாம், வீடு காலடிப்பேட்டைன்னு சொன்னது என் தப்புதான் :-)